இரு பக்க அடைப்பு: யானைக்கால் ஒட்டுண்ணியால் விளைந்த விந்தணு இன்மை குறித்த நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் பித்தளை வார்ப்புப் பட்டறை நடத்தும் 35 வயது ஆண், திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை என்பதற்காக மனைவியுடன் எங்கள் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். விந்தில் அணுக்கள் இல்லை, இக்ஸி முறைக்கு (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் செயற்கைக் கருத்தரிப்பு) ஆலோசனை தேவை என்பதற்கு மேல் அவர் கொண்டுவந்த கடிதத்தில் எதுவும் இல்லை. நோயாளியின் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில தனிப்பட்ட விவரங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன.

மனைவிக்கு வயது 29. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றன, ஹார்மோன் அளவுகளில் குறையில்லை. இவை அனைத்தும் உறுதியான பிறகும் நான்கு ஆண்டுகள் அவருக்குத்தான் சிகிச்சை நடந்திருக்கிறது: கருமுட்டை வளர்ச்சிக்கான மாத்திரைகள், ஊசிகள், ஒரு லேப்ராஸ்கோப்பி. சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய கணவரின் விந்துப் பரிசோதனை ஐந்தாம் ஆண்டில்தான் முதன்முறையாகச் செய்யப்பட்டது. தாம்பத்திய உறவில் எந்தச் சிக்கலும் இல்லாததாலும், வெளிப்படும் விந்தின் அளவு வழக்கம்போலவே இருந்ததாலும், குறை தன்னிடம் இருக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை. விந்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர் என்பதும், விதையிலிருந்தும் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் சுருள் குழாயான எபிடிடிமிஸிலிருந்தும் வருவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஆகையால் மேலே குழாய் முற்றிலும் அடைபட்டிருந்தாலும் கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் எதுவும் இராது.

நோய் வரலாறு

மனைவி உடனிருந்தபோது கேட்டதற்கு, இதற்கு முன் எந்த நோயும் வந்ததில்லை என்றே சொன்னார். தனியே அமரவைத்து, விதைப்பையில் வலியோ வீக்கமோ எப்போதாவது இருந்ததா என்று நேரடியாகக் கேட்ட பிறகுதான் செய்தி வெளிவந்தது. ஏறத்தாழ 18 வயதிலிருந்து ஐந்தாறு ஆண்டுகள், வருடத்திற்கு இரண்டு மூன்று முறையாவது குளிர் காய்ச்சல் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தொடை இடுக்கில் நெறி கட்டும். இடது விதை கனத்து, தொட முடியாத வலியுடன் வீங்கும். நான்கைந்து நாட்களில் தானாகவே அடங்கும். நாள் முழுவதும் உலையருகே நிற்பவர் என்பதால் வீட்டில் அதை உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, எண்ணெய்க் குளியலும் இளநீருமாகப் பார்த்துக்கொண்டார்கள். தெருமுனை மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரையும் சில சமயம் ஆண்டிபயாட்டிக்கும் கிடைத்தன. 22 வயதில் வலப்பக்கம் விரைவீக்கம் (விதையைச் சுற்றிய சவ்வுப்பைக்குள் நீர் தேங்குதல்) பெரிதாகி, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அப்போதைய சீட்டில் அறுவையின் பெயரும் தேதியும் மட்டுமே உள்ளன. இரவில் இரத்தம் எடுத்துப் பார்த்ததாகவோ, அகற்றிய சவ்வைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியதாகவோ குறிப்பு இல்லை.

யானைக்கால் தடுப்பு மாத்திரை சாப்பிட்டதுண்டா என்ற கேள்விக்கு அடுத்த முறை உடன் வந்த அவருடைய தாயார்தான் விடை சொன்னார். "வருஷா வருஷம் வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனாங்க டாக்டர். முழுங்கினா கிறுகிறுன்னு வருதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அதான் டப்பாவுல போட்டு வச்சுட்டேன்." தமிழ்நாட்டில் டி.இ.சி. என்ற யானைக்கால் புழுக்கொல்லி மாத்திரையை ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் வழங்கும் திட்டம் 1996-இல் தொடங்கியது. பின்னர் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தும் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தால் டெல்டா மாவட்டங்களில் இந்நோய் வெகுவாகக் குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்திரை வழங்கப்பட்ட வீடுகளின் கணக்கும் மாத்திரை விழுங்கியவர்களின் கணக்கும் ஒன்றல்ல என்பதற்கு இந்தத் தாயாரின் டப்பா சான்று.

உடல் பரிசோதனை

இத்தகைய நோயாளிகளை நிற்க வைத்து, அவசரமில்லாமல், கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை என்பது என் கருத்து. இரு விதைகளும் இயல்பான பருமனுடன், வலம் 17 மி.லி., இடம் 18 மி.லி. அளவில், உறுதியாக இருந்தன. எபிடிடிமிஸ் இரு பக்கமும் தலைப்பகுதியில் புடைத்து, நீர் கோத்ததுபோல் இறுகியிருந்தது. இடப்பக்கத்தில் அதன் வால்பகுதி கெட்டியான ஒரு முடிச்சில் முடிந்தது. விந்துக்குழாயும் இரத்த, நிணநீர் நாளங்களும் சேர்ந்த கற்றையான விந்து நாண் இடப்பக்கத்தில் வலப்பக்கத்தைவிடத் தடித்திருந்தது. அதனுள் பட்டாணி அளவில் இரண்டு கட்டிகள் விரலில் நழுவின. விந்துக்குழாய்கள் இரு பக்கமும் கைக்குத் தட்டுப்பட்டன. மணிமாலை போன்ற முடிச்சுகள் அவற்றில் இல்லை. இடப்பக்கம் சிறிதளவு நீர் தேங்கியிருந்ததை டார்ச் ஒளி காட்டியது. வலது விதைப்பையில் பழைய அறுவைத் தழும்பு இருந்தது. மாலையில் இடது கணுக்கால் லேசாக வீங்குவதுண்டு என்றும், நின்றுகொண்டே வேலை செய்வதால் அப்படி ஆவதாக நினைத்திருந்ததாகவும் அவர் சொன்னார். அழுத்தினால் அங்கே குழி விழுந்தது.

பரிசோதனை முடிவுகள்

சில வார இடைவெளியில் இருமுறை செய்த விந்துப் பரிசோதனைகளில் அளவு முறையே 2.6, 2.9 மி.லி.; காரத்தன்மை 7.8, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. மையவிலக்கியில் சுழற்றி அடியில் படிந்ததை முழுமையாகத் தேடியும் ஓர் அணுகூடக் கிடைக்கவில்லை. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 4.1 அலகு, டெஸ்டோஸ்டிரோன் 480 நானோகிராம் என இரண்டும் இயல்பான வரம்பில் இருந்தன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விதையில் உற்பத்தி நடக்கிறது, வழியில்தான் தடை என்பது தெளிவு. தடை எந்த இடத்தில் என்பதையும் இதே தாள் ஓரளவு சொல்லிவிடுகிறது. விந்துப்பையின் நீரில்தான் ஃப்ரக்டோஸ் இருக்கிறது. அடைப்பு விந்து வெளியேறும் நாளத்தில் இருந்தால் அளவு குறைந்து, ஃப்ரக்டோஸ் இல்லாமல், விந்து அமிலத்தன்மைக்கு மாறியிருக்கும். இங்கே அப்படி இல்லாததால் அடைப்பு அதற்கு மேலே, எபிடிடிமிஸில் இருக்க வேண்டும். கையில் தட்டுப்பட்ட புடைப்பும் அதையே சொன்னது.

விதைப்பை அல்ட்ராசவுண்டில் இரு எபிடிடிமிஸ்களின் குழாய்களும் விரிந்திருந்தன. இடது நாணில் அகன்ற நிணநீர் நாளங்களும் சுண்ணாம்பு படிந்த ஒரு கட்டியும் தெரிந்தன. உயிருள்ள புழுக்கள் ஓயாமல் நெளிவதை அல்ட்ராசவுண்டில் நேரடியாகக் காணலாம். 1990-களில் பிரேசிலின் ரெசிஃபி நகரில் இவ்வாறு கண்டறியப்பட்ட அந்தக் காட்சியை ஃபைலேரியா (யானைக்கால் புழு) நடனம் என்பார்கள். இவரிடம் நெளிவு எதுவும் தென்படவில்லை. இரவு பத்தரை மணிக்கு எடுத்த இரத்தப் பூச்சில் மைக்ரோஃபைலேரியா, அதாவது புழுக்குஞ்சு, இல்லை. ஆனால் புழுவின் புரதத்தை இரத்தத்தில் தேடும் ஃபைலேரியா ஆன்டிஜென் பட்டைச் சோதனை நேர்மறையாக வந்தது. மார்பு எக்ஸ்-ரேயும் மூன்று நாள் காலைச் சிறுநீரில் செய்த காசநோய்க் கிருமி வளர்ப்புச் சோதனையும் குறையேதும் காட்டவில்லை.

ஒட்டுண்ணி விதைப்பையில் செய்வது

இரத்தத்தில் புழுக்குஞ்சு இல்லையென்றால் யானைக்கால் நோய் இல்லை என்று கோப்பை மூடிவிடும் பழக்கம் இன்றும் பரவலாக உள்ளது. அது தவறு. உச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற இந்த நூல்புழு, சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவின் கடி வழியாக உடலுக்குள் நுழைந்து, நிணநீர் நாளங்களில் முதிர்ச்சியடைந்து, சராசரியாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வாழ்கிறது. பெண் புழுவின் நீளம் 8 முதல் 10 செ.மீ.; ஆண் புழு அதில் பாதிகூட இராது. ஆண்களின் உடலில் அவை மிகவும் விரும்பித் தங்கும் இடம் விந்து நாணின் நிணநீர் நாளங்களே. இந்நோயின் பெயரில் கால் இருந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் கால் வீக்கத்தால் அவதிப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர். விரைவீக்கம் கண்ட ஆண்கள் இரண்டரைக் கோடிப் பேர். சொல்லப்போனால் மைக்ரோஃபைலேரியாவை மனிதன் முதன்முதலில் கண்டதே விரைவீக்க நீரில்தான்: 1863-இல் பாரிஸில், கியூபாவிலிருந்து வந்த ஒரு நோயாளியிடம் டெமார்க்கே கண்டார். இரத்தத்தில் அதை லூயிஸ் கல்கத்தாவில் காண மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் பேர்பெற்ற யானைக்கால் நோய் புருகியா மலாயி என்ற வேறொரு புழுவால் வருவது; அது பிறப்புறுப்பைத் தாக்குவதில்லை. ஆகவே நோயாளி எந்த ஊரில் வளர்ந்தார் என்ற கேள்விக்கும் மருத்துவப் பொருள் உண்டு.

உயிருடன் இருக்கும் புழு பெரிதாகத் தொல்லை தருவதில்லை. நாளத்தை மெல்ல அகலப்படுத்திக்கொண்டு கிடக்கும். அது சாகும்போதுதான் உடல் விழித்துக்கொள்கிறது. செத்த புழுவைச் சுற்றி ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களும் பல்கரு அணுக்களும் திரண்டு கட்டியாகின்றன. விந்து நாணும் எபிடிடிமிஸும் அழற்சியுற்று வீங்குகின்றன. இந்த நோயாளி இளமையில் அனுபவித்த காய்ச்சலும் வலியும் இதனோடு அப்படியே பொருந்துகின்றன. எபிடிடிமிஸ் என்பது நீட்டினால் ஏறத்தாழ ஆறு மீட்டர் வரும் ஒற்றைக் குழாய். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மாற்று வழியும் கிடையாது. எங்கேனும் ஓரிடத்தில் அழற்சி ஆறித் தழும்பானால், அந்தப் பக்கத்து விதையின் உற்பத்தி முழுவதும் அங்கேயே நின்றுவிடும். இவையன்றி, தேங்கிய நீரின் அழுத்தமும் வெப்பமும் விந்தணு உற்பத்தியையே குறைப்பது வேறொரு வழி. விதை சுருங்கியோ எஃப்.எஸ்.எச். உயர்ந்தோ இருந்தால் அதைக் கருதியிருப்போம். பட்டறை வெப்பத்தையும் இதே காரணத்தால் ஒதுக்கினோம். வெப்பம் எண்ணிக்கையைக் குறைக்கும். உற்பத்தி செம்மையாக நடக்கும் விதையிலிருந்து ஓர் அணுகூட வெளியே வராதபடி செய்யாது.

காசநோயை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. நம் நாட்டில் எபிடிடிமிஸ் முடிச்சு என்றால் முதலில் நினைக்க வேண்டியதே அதுதான். விந்துக்குழாய் வழவழப்பாக இருந்ததும், தோலில் புண்வழி இல்லாததும், சிறுநீர்ச் சோதனைகளும் அதற்கு எதிராக நின்றன. மேகநோய்த் தொற்று, குடலிறக்க அறுவையில் ஏற்படும் காயம், பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாமை ஆகியவற்றுக்கு வரலாற்றிலும் பரிசோதனையிலும் இடமில்லை. பெரியம்மையும் எபிடிடிமிஸை அடைத்ததுண்டு என்றாலும் அந்தத் தலைமுறை இப்போது நம்மிடம் இதற்காக வருவதில்லை.

வலப்பக்கம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. காய்ச்சலின்போது வீங்கியது எப்போதும் இடது விதை. விந்தணு முற்றிலும் இல்லாமல் போக இரு பக்கமும் அடைபட வேண்டும். வலப்பக்கம் அடைபட்டது புழுவினாலா, 22 வயதில் செய்த அறுவையினாலா? விரைவீக்கச் சவ்வை வெட்டித் தைக்கும்போது, அதன்மேல் பரந்து ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸும் தையலுக்குள் சிக்கிவிடுவது அறியப்பட்ட ஆபத்து.

சிகிச்சை

இக்ஸியே நேர்வழி என்ற எண்ணத்துடன்தான் தம்பதியர் வந்தார்கள். எபிடிடிமிஸிலிருந்து ஊசியால் விந்தணு எடுத்து அதைச் செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் ஒரு சுற்றின் செலவே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். குறையில்லாத மனைவியின் உடல்தான் மறுபடியும் ஊசிகளைத் தாங்க வேண்டியிருக்கும். மனைவிக்கு வயது 29 என்பதால் ஓராண்டு காத்திருக்க அவகாசம் இருந்தது. விந்துக்குழாயை எபிடிடிமிஸுடன் நுண்ணறுவையால் இணைக்கும் முறையை விளக்கினோம். வழி திறக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்றும், குழந்தைப்பேறு அதைவிடக் குறைவாகவே கிட்டும் என்றும், பலன் தெரிய ஓராண்டுவரை ஆகலாம் என்றும் மறைக்காமல் சொன்னோம். இருவரும் கலந்து பேசி அறுவையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்குமுன் தொற்றுக்கு மருந்து தேவைப்பட்டது. ஆன்டிஜென் நேர்மறையாக இருந்ததால் உயிருள்ள புழு எங்கோ இருக்கலாம். டாக்சிசைக்ளின் நாளொன்றுக்கு 200 மி.கி. வீதம் ஆறு வாரம் கொடுத்தோம். இது புழுவை நேரடியாகத் தாக்குவதில்லை. புழுவின் உடலுக்குள் வாழும், புழு உயிர்வாழ இன்றியமையாத வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை அழிக்கிறது. புழு முதலில் மலடாகி, பிறகு மாதக்கணக்கில் மெதுவாகச் சாகிறது. டி.இ.சி. கொடுத்தால் நாணில் இருக்கும் புழு சட்டென்று செத்து, வலியுள்ள கட்டி எழும்பக்கூடும். அறுவைக்குமுன் அப்படியொரு அழற்சியை நாங்கள் விரும்பவில்லை. எனவே டி.இ.சி.யும் அல்பெண்டசோலும் பின்னர் வழங்கப்பட்டன. எந்த மருந்தும் தழும்பைக் கரைத்து வழியைத் திறக்காது என்பதையும் அவரிடம் சொன்னோம். புழு மருந்து சாப்பிட்டும் பயனில்லையே என்று மூன்றாம் மாதம் வந்து வருந்துபவர்களை முன்பு பார்த்திருக்கிறோம்.

அறுவையில் இடது நாணின் நிணநீர் நாளங்கள் பருத்துச் சுருண்டு கிடந்தன. இரு கட்டிகளும் அகற்றப்பட்டன. எபிடிடிமிஸின் வால் வெண்மையாக, நார்போல் இறுகியிருந்தது. அதற்குச் சற்று மேலே, உடல்பகுதியில், குழாய்ச் சுருள்கள் மஞ்சள் நிறத்தில் விம்மித் தெரிந்தன. நுண்ணோக்கியின் கீழ் அதில் ஒரு சுருளைக் கீறியபோது பால்போல் கலங்கிய துளி ஒன்று வெளிவந்தது. அதைக் கண்ணாடிச் சில்லில் வாங்கி அடுத்த மேசையில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வால் முழுமையான விந்தணுக்கள் நிறைந்திருந்தன. அவற்றில் சில துடித்துக்கொண்டிருந்தன. விந்துக்குழாயில் உப்புநீர் செலுத்திக் கீழே தடையில்லை என்று உறுதிசெய்தபின், தலைமுடியைவிட மெல்லிய 10-0 நைலான் இழையால் இரண்டையும் இணைத்தோம்.

வலப்பக்கம் திறந்ததும் எங்கள் ஐயம் தீர்ந்தது. எபிடிடிமிஸின் உடல்பகுதியைக் குறுக்காகக் கட்டியபடி கருப்புப் பட்டு இழைத் தையல்கள் பதின்மூன்று ஆண்டுகளாக அங்கேயே இருந்தன. சுற்றிலும் தழும்பு. விந்துக்குழாயை எட்டிய தொலைவில் இணைக்கத் தகுந்த சுருள் கிடைக்காததால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடினோம்.

இடது நாணிலிருந்து எடுத்த கட்டிகளின் திசு அறிக்கையில், சுண்ணாம்பு படிந்த முதிர்ந்த புழுவின் குறுக்குவெட்டுகளும் சுற்றிலும் ஈயோசினோஃபில் மிகுந்த கிரானுலோமா என்ற அழற்சிக் கட்டியும் விவரிக்கப்பட்டிருந்தன. காசநோய்க்கான அறிகுறி இல்லை. ஆக, இடப்பக்க அடைப்புக்குப் புழு காரணம் என்பதைத் திசுவே சொல்லிவிட்டது. வலப்பக்க அடைப்பு கத்தியினால் வந்தது. ஆனாலும் அந்தக் கத்தியை வரவழைத்த விரைவீக்கம், இந்த ஊர், இந்த வயது, இந்தக் காய்ச்சல் வரலாறு ஆகியவற்றைக் கொண்டு பார்த்தால், பெரும்பாலும் அதே ஒட்டுண்ணியின் வேலைதான். இந்நிகழ்வை ஒட்டுண்ணியால் விளைந்த மலட்டுத்தன்மை என்று முழுமையாக அழைப்பதில் எனக்குள்ள தயக்கமும் துணிவும் இதனால் வந்தவை.

ஆப்பிரிக்காவில் பணிபுரிந்து திரும்பியவர்களிடம் வேறொரு ஒட்டுண்ணியையும் மனத்தில் கொள்ள வேண்டும். நைல் ஆற்றங்கரையிலும் மலாவி ஏரியிலும் நன்னீரில் இறங்குபவர்களைத் தொற்றும் ஷிஸ்டோசோமா ஹீமடோபியம், விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் முட்டைகளை விட்டுச் செல்கிறது. அங்கே விந்தில் இரத்தம் கலந்து வரும். விந்து அளவு குறையலாம். அடைப்பு ஏற்பட்டால் கீழ்ப்பகுதியில் இருக்கும். எனவே விந்துப் பரிசோதனைத் தாளும் இதற்கு நேர்மாறாக அமையும். மருந்தும் வேறு, பிராசிகுவான்டல்.

பின்தொடர்வு

மூன்றாம் மாத விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை. ஏழாம் மாதத்தில் மில்லிலிட்டருக்கு 30 லட்சம் தென்பட்டன. அவற்றில் நகர்ந்தவை மிகச் சில. ஓராண்டு முடிவில் 1.1 கோடியாக உயர்ந்து, நேராக முன்னேறிச் செல்பவை 26 விழுக்காடு இருந்தன. இது இயல்பான அளவுக்குக் குறைவு என்றாலும் கருப்பைக்குள் விந்து செலுத்தும் எளிய முறைக்குப் போதுமானது. அப்போது எடுத்த மாதிரியில் ஒரு பகுதி உறைநிலையில் சேமிக்கப்பட்டது. இணைப்பு பின்னாளில் மீண்டும் அடைபடுவதும் உண்டு. இதை எழுதும்வரை கருத்தரிப்பு நிகழவில்லை. இரண்டாவது கருப்பைச் செலுத்தலுக்குத் தம்பதியர் நாள் குறித்திருக்கிறார்கள். இடது காலைத் தினமும் சோப்பால் கழுவித் துடைக்கவும், விரலிடுக்கில் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. கணுக்கால் வீக்கம் கூடவில்லை.

ஒரே வீட்டில் வளர்ந்து, அதே டப்பா மாத்திரைகளை விழுங்காமல் விட்ட 27 வயதுத் தம்பியை அழைத்துவரும்படி அறுவைக்குப் பின் கேட்டோம். திருமணம் நிச்சயமாகும் வேளையில் மருத்துவமனைக்கு எதற்கு என்று தயங்கியவர், அண்ணன் வற்புறுத்தியதால் வந்தார். அவருக்கும் ஆன்டிஜென் நேர்மறை. தொல்லை எதுவுமில்லை, விதைப்பையும் பார்வைக்கு இயல்பாக இருந்தது. அல்ட்ராசவுண்டில் வலது நாணின் அகன்ற நிணநீர் நாளம் ஒன்றுக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. விந்துப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 4.8 கோடி அணுக்கள். அவருக்கு அன்றே டாக்சிசைக்ளின் தொடங்கப்பட்டு, தெருவில் மற்றவர்களைச் சோதிப்பதற்காக மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தகவல் அனுப்பப்பட்டது. ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் அசைவு நின்றிருந்தது, எபிடிடிமிஸ் விரியவில்லை.